சுவரில் ஏறிய கண்டக்டர்

நூலகத்தின் குழந்தைகள் அறையை அளக்க மேலதிகாரி அளவு நாடாவோடு வந்த அன்று, நம் நூலகர் அம்மாள் ஒரே ஒரு பட்டனை அழுத்த மறந்திருந்தாள். கதை அவ்வளவுதான் கண்ணுகளா. மீதியெல்லாம் அந்தப் பட்டன் செய்த கூத்து.

அந்த அறைக்குப் பழைய கோப்புகள் குடிவருவதாக ஏற்பாடு. "பிள்ளைங்க வந்து என்னம்மா பண்றாங்க? சும்மா உக்காந்திருக்காங்க. அதைக் கோப்பு இன்னும் நல்லா செய்யும்" என்று அதிகாரி போனிலேயே சொல்லிவிட்டார். அவள் கெஞ்சிக் கூத்தாடி, ஒரே ஒரு வகுப்பு நடத்திக் காட்ட அனுமதி வாங்கினாள். பிள்ளைகள் பேசினால் அறை மிஞ்சும். பேசாவிட்டால் கோப்பு.

அவள் நம்பியது இணையச் சுவரை. பிள்ளைகள் டேப்லெட்டில் தட்டுவது, திரையில் வண்ணச் சீட்டாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெயர் போட வேண்டாம். அதனால் கூச்சத்தில் நகம் கடிக்கிற பிள்ளையும் எழுதும்.

முந்தின நாள் வீட்டில் ஒத்திகை. மாணவராகக் கிடைத்தவர் மாமனார் ஒருவர்தான். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கால் உடைந்து, தொடை வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். கதையைப் படித்துக் காட்டி, சுவரின் இணைப்பை அவர் போனுக்கு அனுப்பினாள். அவரும் ஆசைதீர எழுதித் தள்ளினார். பிறகு அவர் எழுதியதையெல்லாம் அவள் அழித்தாள். பூட்டுப் பட்டனை அழுத்திச் சுவரை மூட மறந்தாள்; மறுநாள் வகுப்புக்கும் அதே சுவர்தான். சீட்டை அழித்தால் ஆளும் போய்விடுவார் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

வகுப்பு தொடங்கியது. எலி பிடிக்காத பூனையை அரசன் அரண்மனையைவிட்டுத் துரத்துகிற கதை. சுவரில் கேள்வி போட்டாள்: 'துரத்தியது சரியா?'

பிள்ளைகள் கதையை யோசிக்கவில்லை. அதிகாரியின் மீசையைப் பார்த்தார்கள். முதல் சீட்டு வந்தது: 'சரி.' அடுத்ததும் 'சரி.' அப்புறம் சுவர் முழுக்கச் சரி, சரி, சரி.

"பிரமாதம்," என்று அதிகாரி நாடாவைச் சர்ரென்று இழுத்தார். "கோப்புலயாவது ரெண்டு பேர் ஒத்துக்காம எழுதியிருப்பான்."

அப்போது ஒரு பச்சைச் சீட்டு வந்து விழுந்தது.

'சரியாவது மண்ணாவது. பாலும் மீனும் ஊட்டி வளத்துட்டு எலி பிடின்னா எவன் பிடிப்பான்?'

அதன் பின்னாலேயே இன்னொன்று. 'சரி போட்டவங்க எல்லாம் டிக்கெட் எடுக்காதவங்க. இறங்குங்க.'

அவளுக்குப் புரிந்துவிட்டது. தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டைப்பல் என்று எல்லோரும் கூப்பிடுகிற சிறுமி முதலில் சிரித்தாள். தட்டினாள். 'இறங்க மாட்டோம். ராஜா எலிப்பொறி வாங்கியிருக்கலாம்.'

'எலிப்பொறிக்கு எதுக்கு ராஜா?' என்று வேறு யாரோ.

'ராஜாவே போய்ப் பிடிக்கட்டும். கிரீடம் போட்டுக்கிட்டு.'

அறை களைகட்டத் தொடங்கிய நேரம் பார்த்து அடுத்த பச்சைச் சீட்டு வந்தது. 'அம்மாடி, வரும்போது முதுகு சொறியற குச்சி ஒண்ணு வாங்கிட்டு வா. பழசு மாவுக்கட்டுக்குள்ள விழுந்துடுச்சு. உயிர் போகுது.'

அதிகாரி அதைச் சத்தமாக, ஒரு சொல் விடாமல் படித்தார். "இது பூனையோட கோரிக்கையா?"

அவள் விரல் பூட்டுப் பட்டன்மேல் நின்றது. அழுத்தினால் மாமனாரின் வாய் அடைபடும். அதே அழுத்தில் பிள்ளைகளின் வாயும் அடைபடும். இப்போதுதான் நகம் கடிக்கிற பையன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். விரலை எடுத்துவிட்டாள்.

"என் மாமனார் சார். கால்ல கட்டு. நேத்து ஒத்திகைக்குச் சேத்தேன், இறக்கிவிட மறந்துட்டேன்."

அறை சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "எனக்கும் அந்த இணைப்பை அனுப்புங்க."

வேலை போச்சு என்று நினைத்தபடியே அனுப்பினாள். அதிகாரி நாடாவை மேசையில் வைத்துவிட்டு ஒற்றை விரலால் தட்டினார். 'சம்பளம் வாங்கினா வேலை செய்யணும். துரத்தியது சரிதான்.'

பச்சைச் சீட்டு: 'யாருப்பா அது, செக்கிங்கா?'

'ஆபீஸர், பூனைக்குச் சம்பளம் யார் குடுத்தா?' இது ஓட்டைப்பல்.

'பூனை எலிய பிரெண்டா வச்சிருந்துச்சு,' என்று நகம் கடிக்கிறவன். அதற்கு எல்லோரும் இதயம் போட்டார்கள். அதிகாரிக்கு ஒன்றுகூட விழவில்லை.

மனுஷன் விடவில்லை. குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, வகுப்பு முடிந்த பிறகும் தட்டிக்கொண்டேயிருந்தார். டிரைவர் வந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார்.

"அடுத்த வாரமும் வைங்க. அந்த ஆளையும் சேத்துக்கங்க. இன்னும் பதில் சொல்லி முடிக்கல நான்."

"அறை சார்?"

"கோப்பு எங்க போயிடப்போகுது? இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

நாடாவை மறந்துவிட்டுப் போய்விட்டார். நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள். கடைக்குப் போகத்தான் மறந்துபோனாள்.

வீட்டுப்படி ஏறியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "குச்சி எங்கம்மா?"

"மாமா, ரூம் தப்பிச்சிடுச்சு. உங்களாலதான்."

"அது இருக்கட்டும். குச்சி?"

அவள் பைக்குள் கைவிட்டாள். அரசாங்க நாடா, இழுத்தால் விறைத்து நிற்கிற இரும்புத் தகடு. மாவுக்கட்டுக்குள் மெல்ல விட்டாள். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் உள்ள. இன்னும். ஹோல்டான். அங்கதான்."