ஆபத்தில்லாத நிறம்

கனகசிங்கத்தார் கலை வட்டத்தின் தலைவர். அவர் என்ன கலை செய்தார் என்று ஆரையம்பதியில் எவருக்கும் தெரியாது. ஆனால் எங்கே பொன்னாடை போர்த்தினாலும் அதற்குள் அவர்தான் இருப்பார். அவர் தலையாட்டினால்தான் ஊர்ப் பெண் அஜந்தாவின் படம் மட்டக்களப்பில் நடக்கும் கண்காட்சியில் சுவரேறும்.

அவள் செய்வது ஃபிராக்டல் படங்கள். ஒரு கணக்கைக் கணினிக்குக் கொடுத்தால் சுருளுக்குள் சுருளாக, அதற்குள்ளும் அதே சுருளாக வரைந்துகொண்டே போகும். அந்தச் சுருள் உலகத்தில் யாருக்கும் வரும், சூத்திரம் பொதுச்சொத்து. அவளுடையது நிறம் மட்டும்தான். மென்பொருளோடு வரும் நிறங்களைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும்; கலியாண வீட்டுக்கு லைட் போட்ட மாதிரி இருக்கும். அதனால் வாவிக் கரையில் அலைந்து தானே ஒரு நிறக்கோவை சேர்த்தாள். நண்டுக் காலின் சிவப்பு, அந்தி வெயிலின் மஞ்சள், சதுப்பில் நிற்கும் கண்ணாக் காட்டின் பச்சை, மழைக்குப் பிந்திய தண்ணீரின் நீலம், நீரில் மிதக்கும் ஆற்றுவாழைப் பூவின் ஊதா. ஒரு சுவரில் முதன்முதலாகத் தன் பெயர் தொங்கப்போகிறது என்ற ஆசையில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

குழு கூடியது. சோதனைச் சாவடியில் பையைக் கிளறுகிறவர்போலக் கனகசிங்கத்தார் படத்தைக் கிளறிப் பார்த்தார்.

"புள்ள, சிவப்பும் மஞ்சளும் பக்கத்துல பக்கத்துல கிடக்கு. பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

"நண்டு எண்டு நினைப்பான், சேர்."

புலிக்கொடி என்றுதான் நினைப்பானாம். இரண்டையும் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். பச்சை கூடிப்போயிற்றே, காத்தான்குடி முஸ்லிம்களைக் குளிர்விக்கச் செய்ததென்று நம் சனம் சொல்லும் என்றார் செயலாளர் யோகராசா. நீலத்துக்கு ஒரு கட்சி இருந்தது. ஊதாவுக்காவது ஆளில்லை என்று நம்பினாள். போன தேர்தலில் தோற்ற ஒரு சுயேச்சைக் குழுவை எங்கிருந்தோ தோண்டியெடுத்தார்கள். அதில் நின்ற வேட்பாளருக்கே அது மறந்திருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர்களுக்கு வெளிச்சமும் பேய்.

கடைசியில் சாம்பல்தான் மிஞ்சியது. அதிலும் கறுப்பைக் குறைக்கச் சொன்னார்கள், கறுப்புக்கொடி என்று யாரும் சொல்லிவிடக்கூடாதாம். சுருளெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, படம் தண்ணீர் ஊற்றிய அடுப்பாகக் கிடந்தது. இதுதான் முதிர்ச்சி என்றார் கனகசிங்கத்தார்.

கண்காட்சிக்கு முதல்நாள், அவளுடைய பெயர் அச்சடித்த அட்டையைக் கொடுத்துப் படத்தின் கீழே ஒட்டச் சொன்னார். அவளுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆசைப்பட்ட பெயர்தான், ஆனால் இதன் கீழேயா?

"சுருள் கணக்கால வந்த. நிறம் நீங்க போட்ட. இதுல என்ட ஒண்டும் இல்ல, சேர். உங்கட பேரப் போடுங்க."

குத்தித்தான் சொன்னாள். தோல் தடித்தவருக்கு அது உறைக்குமா? அவர் நெகிழ்ந்துபோய், இந்தக் காலத்துப் பிள்ளைகளில் இப்படியொரு பெருந்தன்மையா என்று யோகராசாவிடம் வியந்தார்.

மறுநாள் படத்தின் கீழே கனகசிங்கம் என்றிருந்தது. அவர் அஜந்தாவையே கூப்பிட்டுப் போனைக் கொடுத்து, படத்தோடு தன்னை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். வேறு யாரும் அந்தப் படத்தின் முன்னே நிற்கவில்லை. அதனால் எடுப்பது சுலபமாக இருந்தது.