சுவரோரத்து முனியாண்டி

காளிமுத்துவுக்கு அலுத்துப்போயிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் மண்டோராக வந்த நாளிலிருந்து அவர் பார்க்காத மண்சரிவு இல்லை. அதனால்தான் மலையை வெட்டித் தொழிலாளர் குடும்பங்களுக்குப் புது லயம் கட்டியபோது, வீடுகளுக்குப் பின்னால் தடுப்புச் சுவரைக் கூடவே நின்று கட்டினார். மலையில் ஊறும் தண்ணீர் வெளியே வடிய, சுவரின் அடியில் வரிசையாகத் துளைகள் விட்டார். தண்ணீர் வடிந்தால் சுவர் நிற்கும். தேங்கினால் சுவரும் மலையும் சேர்ந்து வீடுகளின் மேல் வந்து உட்காரும்.

ஆனால் நம் சனங்களுக்கு வேறொரு காப்பும் வேண்டும். வேலை தொடங்கிய அன்றே அவர் மனைவி ஜெயா, உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்தால் முனியாண்டிக்கு மேடை கட்டுவதாக நேர்ந்துகொண்டாள். நல்லபடியாகவே முடிந்தது. காளிமுத்து பிரிஞ்சாங் டவுனுக்கு வேலையாகப் போயிருந்த வாரத்தில், லயமே கூடி நேர்த்தியைச் செலுத்திவிட்டது. மேடை சுவரை ஒட்டியே எழும்பியது. வடியும் தண்ணீரில் விளக்கு நனையுமே என்று, துளைகளைச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டுத்தான் அதன்மேல் கட்டினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

திரும்பி வந்த காளிமுத்து வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தார். மேடையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாம் என்றார். தை பிறக்கட்டும் என்றார்கள். கோயில் தலைவர் பழனியப்பன் சிரித்தார்.

“முனியாண்டியே காவலுக்கு நிக்கிறாரு. சுவரு விழாதுலா, மண்டோரே.”

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போனார். சாமி விஷயத்தில் தலையிட மாட்டேன், சுவர் விழுந்தால் மட்டும் உன்னைத்தான் கேட்பேன் என்று அவர் கைகழுவிவிட்டார்.

கார்த்திகை மழை விடாமல் பிடித்தது. ஒரு மத்தியானம், சுவரின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு ஓடியிருந்ததைப் பார்த்தார். ஜெயாவைத் தவிர எல்லாரும் கொழுந்து எடுக்க மலையில் இருந்தார்கள். மேடையில் முனியாண்டியாக நட்டிருந்த சூலத்தையும் கல்லையும் இரண்டு கையாலும் தூக்கி வந்து தன் வீட்டு வாசலில் வைத்தார். வேண்டாம் என்று ஜெயா காலைப் பிடித்து அழுதாள். விலக்கிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். மேடை உடைந்து துளைகள் திறந்ததும் செந்தண்ணீர் பீய்ச்சி முழங்கால் வரை அடித்தது. பொழுது சாயும்வரை ஓடியும் அடங்கவில்லை. காளிமுத்து அங்கேயே உட்கார்ந்து பயத்தில் அழுதார்.

மழை ஓய்ந்தது. ஒரு வீட்டிலும் ஓடுகூட நகரவில்லை. மண்டோர் நல்ல வேலை செய்தார் என்று யாராவது சொல்லுவார்கள் என்று அவருக்கு உள்ளூர ஆசை இருந்தது. ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கோயிலை இடித்தவன் வீடு என்று வாசற்படி மிதிப்பதையே விட்டுவிட்டார்கள்.

பல நாளாகப் பேசாமலிருந்த ஜெயா, சோறு போட்டுவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

“சுவருதான் விழலையே. அப்புறம் எதுக்குங்க சாமிய இடிச்சீங்க?”

விழாத சுவரில் எதைத் தொட்டுக் காட்டுவது என்று தெரியாமல், காளிமுத்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.