முட்டைக்கோசிடம் சொன்ன சாட்சியம்

1

இந்தக் கதை ஒரு மிரட்டலில் தொடங்கியது. மிரட்டியவர் நோரீன் அக்கா, எங்கள் ஊர்ப் பள்ளிச் சமையலறையை நடத்துகிறவர். நான் இந்த ஊரின் ஒரே கடையில் சாமான் அடுக்கி விலைச் சீட்டு ஒட்டுகிறவன். பதினோரு வருடங்களுக்கு முன் தஞ்சாவூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில், பூர்வகுடிகளின் இந்த ஊரில் வந்து இறங்கிய என்னை, யாருக்காவது ஏதாவது உறவாக இருந்தால்தான் இங்கே சோறு இறங்கும் என்று சொல்லித் தன் தம்பியாக வைத்துக்கொண்டவரும் அவர்தான்.

"தம்பி, நீ கத எழுதுறியாமே. அந்தக் கமிட்டி வந்த நாள எழுது. ஆனா ஒண்ணு. படிச்சிட்டு எவனாச்சும் எங்களப் பாத்து உச்சுக் கொட்டினான்னு தெரிஞ்சுது, உன் கடை வாசல்ல வந்து உக்காந்து உன் மானத்த வாங்கிருவேன்."

ஆகவே வாசகரே, தயவுசெய்து உச்சுக்கொட்டாதீர்கள். அக்கா சொன்னால் செய்வார்.

2

முதல் தொடக்கம்: "செம்மண் வானத்தைத் தொடும் அந்தத் தனிமையான நிலத்தில்—"

அடித்துவிட்டேன். நூற்றெண்பது பேரும் அவர்களைவிட அதிகமான நாய்களும் இருக்கிற ஊரில் தனிமைக்கு நான் எங்கே போவேன்?

இரண்டாவது தொடக்கம்: "ஒரு முட்டைக்கோசின் விலை பதினான்கு டாலர்."

இது உண்மைதான். லாரி வாரத்துக்கு ஒரு முறை ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து எட்டு மணி நேரம் மண் சாலையில் வருகிறது. அந்த வாடகை முழுக்கக் காய்கறியின் தலையில்தான் விழுகிறது. ஆனால் சீட்டை ஒட்டியது என் கை. முதல் வரியிலேயே ஆசிரியர் கையும் களவுமாகப் பிடிபட்டு நிற்கும் கதையை யார் படிப்பார்கள்?

மூன்றாவது தொடக்கம், அலங்காரமில்லாமல்: எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு நடக்க வேண்டுமானால் பன்னிரண்டு பேர் வேண்டும் என்பது கல்வி அலுவலகத்தின் விதி. ஒன்பது பேர்தான் இருந்தார்கள். அந்த ஒன்பதில் ஒருத்தி நோரீனின் மகள் டெனீஷா. வகுப்பை மூடினால் அவள் விமானம் ஏறி வடக்கே ஏதோ ஒரு விடுதிப் பள்ளிக்குப் போக வேண்டும். நோரீனையும் பதினான்கு வயதில் அப்படித்தான் அனுப்பினார்கள். பத்தொன்பது நாள் தாங்கினார்.

(அந்தப் பத்தொன்பது நாட்களைப் பற்றி மூன்றாம் பகுதியில் எழுதியிருந்தேன். "அது என்னோடது, கதைக்குக் கெடையாது" என்று அக்கா தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார். அதனால் இந்தக் கதையில் மூன்றாம் பகுதி இல்லை.)

4

நாடாளுமன்றத்திலிருந்து நான்கு பேர் கொண்ட கமிட்டி வருகிறது, விலைவாசியையும் பள்ளியையும் பற்றி ஊரார் சொல்வதைப் பதிவு செய்யும் என்று தகவல் வந்தது. மூன்று மணிக்கு அவர்கள் விமானம் கிளம்பிவிடும். ஊர் சார்பாகப் பேச நோரீனைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று காலை அவர் கடைக்கு வந்து, இருப்பதிலேயே வாடிய முட்டைக்கோசைப் பொறுக்கினார்.

"அக்கா, அது வேணாம். நல்லதா எடுத்துத் தரேன்."

"சாட்சிக்கு எதுக்குடா நல்லது? சீட்டப் பிச்சிராத."

பள்ளிக் கொட்டகையில் எல்லாம் தயார். கமிட்டிக்கு நாற்காலி, ஊருக்குப் பாய், பதிவுக் கருவி, தண்ணீர்க் குடம். நோரீன் புதுப் பூப்போட்ட பாவாடையில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்போது மொழிபெயர்ப்பாளர் வண்டியிலிருந்து இறங்கினான். தேய்த்த சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பெயர் லயனல்.

நோரீன் ஓர் அலறு அலறிவிட்டு, தலைத்துணியை முகத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.*

* லயனல் இரண்டு மாதத்துக்கு முன்புதான் நோரீனின் அக்கா மகளைக் கட்டியிருந்தான். அக்கா மகள் தனக்கும் மகள்தான் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது இதுதான்: இங்கே மாமியாரும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்க்கக் கூடாது, நேரில் பேசக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது. பகையெல்லாம் இல்லை. அவ்வளவு மரியாதை. இந்த வழக்கம் என் மாமியாருக்கும் தெரிந்திருந்தால்— (இதை என் மனைவி படிப்பாள். நிறுத்திக்கொள்கிறேன்.)

நோரீனின் தோழி கிளாடிஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாலு மாசம் முன்னாடி மொழிபெயர்க்க ஆள் கேட்ட படிவத்துல அவன் பேர எழுதினது நீதானே? அப்புறம் கல்யாணத்துல கங்காரு வால் தின்னுட்டு ஆடினதும் நீதானே?"

"ரெண்டும் வேற வேற நாளுடி!" என்றது பெட்டிக்குப் பின்னாலிருந்து வந்த குரல்.

லயனல் அதற்குள் வாசலுக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அவன் காது சிவந்திருந்தது என்று எழுத ஆசை. அவன் நிறத்துக்கு அது தெரியாது.

5

கமிட்டித் தலைவி நல்ல மாதிரி. வெயில் தொப்பி, பொறுமை. வேறு மொழிபெயர்ப்பாளர் வர ஆறு வாரம் ஆகும், அதற்குள் வகுப்பை மூடிவிடுவார்கள் என்றார். "உங்களுக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே அம்மா?"

பெட்டிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "தம்பிகிட்ட கடையில சண்ட போட எனக்கு இங்கிலீஷ் போதும். இது என் பொண்ணு படிப்பு. இத அரகொறையாச் சொல்ல மாட்டேன். என் பாஷையிலதான் சொல்லுவேன்."

கிளாடிஸ் எழுந்து இரண்டு நாற்காலிகளைக் கொட்டகையின் இரண்டு மூலைகளில் போட்டார். ஒன்று கிழக்குச் சுவரைப் பார்த்து, ஒன்று மேற்குச் சுவரைப் பார்த்து. நோரீன் ஒன்றில் உட்கார்ந்தார். லயனல் தலையைக் குனிந்தபடி வந்து மற்றதில் உட்கார்ந்தான். மருமகனிடம் பேசக் கூடாதே தவிர, வேறு எதனிடமாவது பேசுவது மருமகன் காதில் விழுந்தால் அதற்கு யார் பொறுப்பு? நோரீன் மடியில் முட்டைக்கோசு இருந்தது.

"ஏ முட்டைக்கோசு, கேளு. நீ லாரியில இங்க வர. என் பொண்ண ப்ளேன்ல அங்க அனுப்புறாங்க. நீ வரதுக்கும் காசு, அவ போறதுக்கும் காசு. அவ டிக்கெட்டுக்குப் போற காசுல ஒரு டீச்சர இங்க குடி வெச்சா, அவ போவ வேணாம். நீ மட்டும் வந்தாப் போதும்."

மேற்குச் சுவரைப் பார்த்து லயனல் அதை ஆங்கிலத்தில் சொன்னான். தலைவி பேனாவை எடுத்தார்.

"இன்னொண்ணு கேளு. மத்தியானம் சோறு இருந்தா எல்லாப் புள்ளையும் வருது. நீ வெல ஏறினா நான் கொழம்பத் தண்ணியாக்குறேன். கொழம்பு தண்ணியானா பெரிய புள்ளைங்க வீட்டுக்குப் போயிருது. புள்ள கொறஞ்சிருச்சுன்னு அவங்க வகுப்ப மூடுறாங்க. சோறு வேற, படிப்பு வேறன்னு ரெண்டு ஆபீசு வெச்சிருக்காங்களே, எனக்கு ரெண்டும் ஒரே சட்டிதான். எனக்குக் கோவம் வருது. உம்மேல இல்ல, நீ பாவம், வாடிப்போயிருக்க."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அலுவல் குறிப்பில், "சாட்சி முட்டைக்கோசை நோக்கிப் பேசினார்" என்று பதிந்திருக்கிறதாம். நான் பார்க்கவில்லை. லயனல் சொன்னான்.

6

ஒப்புக்கொள்கிறேன், லயனலை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் முதல் பிரதியில் அவன் வெறும் குரல், சுவரில் பட்டுத் திரும்புகிற குரல். ஆனால் அன்று, தலைவி வருத்தத்தோடு "விதி பன்னிரண்டு என்கிறது" என்றபோது, யாரும் கேட்காமலே அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"அந்தப் பன்னிரண்டு பேருக்கு வயது வரம்பு உண்டா?"

காகிதங்கள் புரண்டன. நான்கு பேரும் தேடினார்கள். வரம்பு எதுவும் எழுதியிருக்கவில்லை. லயனல் அதைச் சுவருக்கு ஊர் மொழியில் சொன்னான்.

நோரீன் முட்டைக்கோசைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு மடியைப் பார்த்துச் சொன்னார். "முட்டைக்கோசு, என் மகளுக்கு வாச்ச ஆளுக்கு மண்டையில மூள இருக்கு. பாக்கவும் லட்சணமா இருக்கானாம், ஊரே சொல்லுது. எனக்குத் தெரியாது, நான் பாத்ததில்ல."

சாட்சி சொல்வதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்ப்பதாக லயனல் கையெழுத்துப் போட்டிருந்தான். கமிட்டி காத்திருந்தது. பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது.

"சாட்சி," என்று தொண்டையைச் செருமினான், "மொழிபெயர்ப்புச் சேவையில் திருப்தி தெரிவிக்கிறார்."

"முழுசாச் சொல்லுடா!" என்று கிளாடிஸ் கத்தினார். சொன்னான். தலைவி தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். விமானம் இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.

திங்கட்கிழமை பதினொன்றாம் வகுப்பில் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். கிளாடிஸ், கிளாடிஸின் நாத்தனார், நாற்பத்து நான்கு வயது நோரீன். அலுவலகம் ஏற்கிறதா இல்லையா என்று கடிதம் வரும்வரை வகுப்பை நடத்தலாம் என்றார்கள். டெனீஷாவுக்குத்தான் அவமானம். "அம்மா, என் பக்கத்துல உக்காராத!" கணக்குக்கு உதவியாளராக வந்தது லயனல். அதனால் நோரீன் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விடைகளை ஜன்னலுக்குச் சொல்கிறார்.

7

முடிவு (அ): அலுவலகம் ஏற்றுக்கொண்டது. ஊர்வலம், கங்காரு வால், ஆட்டம். கல்லாவில் வைத்து வாசித்துக் காட்டினேன். "வராத கடிதாசிய நீ எப்படிடா படிச்ச?" என்றார் அக்கா.

முடிவு (ஆ): ஏற்கவில்லை. டெனீஷா விமானப் படிக்கட்டில் நின்று திரும்பிப்— பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

முடிவு (இ) நான் எழுதியதல்ல. இன்று லாரியில் தபால் பை வந்தது. ஊருக்கு வரும் தபால் எல்லாம் கடைக்குத்தான் வரும். அதில் கல்வி அலுவலகத்தின் நீண்ட உறை, நோரீன் பெயருக்கு. கடையைப் பூட்டாமலே ஓடினேன். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று உறையைக் காட்டினேன்.

"அக்கா! வந்திருச்சு! பிரிச்சுப் படிக்கட்டுமா?"

"கைய வெச்சுப் பாரு. அது எனக்கு வந்தது. மணி அடிக்கட்டும்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. அதுக்காக? மூணாவது கணக்கு பாதியில நிக்குது. அதுல என்ன எழுதியிருந்தாலும், இந்தக் கணக்க நான் போட்டு முடிச்சேன்னு ஆயிருமில்ல?"

பென்சில் நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு குனிந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. சத்தியமாக, அது சந்தோஷத்தில் வந்ததுதான்.

எனக்கு இதற்கு மேல் தைரியம் இல்லை, வாசகரே. உறையை உங்களிடம் தருகிறேன், பிரித்துப் படித்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மணி அடிக்க இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது. அதுவரை சத்தம் போடாமல் இங்கே நில்லுங்கள். உள்ளே பன்னிரண்டு பேருக்கு வகுப்பு நடக்கிறது.