இரண்டு ரிங்

புதுப் போன் எது வந்தாலும் அதன் பேட்டரி, கேமரா எல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த பிளானில் ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஏதாவது ஓர் ஆப் 'டிங்' என்றால் அடுத்த நொடியே திறந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஓர் அக்கா!

அவள் ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். சென்ற மாதம் நானே நல்ல போனாக வாங்கிக் கொடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, எவ்வளவு பேசினாலும் தீராத பிளான் ஒன்றையும் போட்டுவிட்டேன். அவளோ பழையபடி இரண்டு ரிங் விட்டுக் கட் செய்கிறாள். இந்தக் காலத்தில் போய் மிஸ்டு கால்! இந்த வாரம் மட்டும் ஆறு. வீம்புக்கு நானும் திருப்பிக் கூப்பிடவில்லை.

இன்று மதியம் பொறுக்க முடியாமல் கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"பேசினா காசு ஆகாதுன்னு எத்தனை தடவைக்கா சொல்றது? எருமை மேல மழை பேஞ்ச மாதிரி இருக்கியே!"

"கத்தாதடா. காசுக்காகவா நான் கட் பண்றேன்?"

"பின்ன எதுக்கு?"

"நான் விடாம அடிச்சா நீ எடுத்துத்தான் ஆகணும். மிஸ்டு கால்னா, உனக்கா பேசணும்னு தோணினாத்தான் கூப்பிடுவே."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு வாரம் கழிச்சு இன்னிக்குத்தான் கூப்பிட்டிருக்கே. அதுவும் பிளானைப் பத்திப் பேச."