மூடின நிலையத்தில் இறங்கியவர்கள்

வாடகைக் கார் ஓட்டும் அந்தப் பெண் எந்த விமான நிலையத்தில் போய் நிற்கிறாளோ, அவள் ஏற்ற வேண்டிய பயணி அங்கேதான் வந்து இறங்குவார். டிக்கெட்டில் எது அச்சாகியிருந்தாலும் சரி. நகரத்தில் விமான நிலையங்கள் மூன்று. நட்டநடுவில், பெரிய ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டி இருந்தது பழசு. கடலைத் தூர்த்துக் கட்டியதைக் கடலோரம் என்றார்கள். மூன்றாவது புதுசு. அது பொட்டல்வெளியில் வெகுதூரம் தள்ளி இருந்தது. அங்கே இறங்கியவர்கள் வீட்டுக்குப் போக இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும் என்று கார் ஸ்டாண்டில் கிண்டல் செய்வார்கள். டிக்கெட் மலிவு என்று புதுசைத் தேர்ந்தெடுத்தவர்கள் மிச்சம் பிடித்ததையெல்லாம் வாடகைக் காருக்கு அழுதார்கள். கடலோரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் மூடுபனி விலகும்வரை வானத்திலேயே சுற்றினார்கள். பழசில் இறங்கியவர்கள் மட்டும் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அவளுடைய காரில் ஹாரன் வேலை செய்யாது. அவள் குரலே அந்தக் குறையைத் தீர்த்துவிட்டதால் ஸ்டாண்டில் அவளுக்கு ஹாரன் என்றே பேர். விஷயம் முதலில் தெரியவந்தது ஒரு மூக்குக் கண்ணாடி வியாபாரியால். அவர் கடலோரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். இவள் அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு பழசில் போய் நின்றாள். அவரும் பழசின் வாசல் வழியாகத்தான் வெளியே வந்தார், பெட்டியில் கடலோரத்தின் சீட்டு ஒட்டியிருக்க. “கடலோரம்னுதானேம்மா சொன்னேன்?” என்று அவர் கேட்டதற்கு, “நான் இங்க வந்துட்டேன், நீங்களும் வந்துட்டீங்க, அப்புறமென்ன, ஏறுங்க” என்றாள். விமானியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ரன்வே அங்கேதான் இருந்தது என்றார் அவர். மேலும் சிலமுறை இப்படி நடந்ததும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் ஹாரன் எங்கே நிற்கிறாள் என்று கேட்டுக்கொண்டு விளக்குப் போடப் பழகிவிட்டார்கள். ஆனால் ஒருத்தருக்காக ஒரு விமானம் நிறைய ஜனம் இழுபடுவது அவளுக்கு உறுத்தியது. மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க என்று சொல்லி, டிக்கெட்டில் உள்ள இடத்துக்கே போய் நிற்க ஆரம்பித்தாள். தெரிந்தவர்கள் வந்து கெஞ்சியும் மசியவில்லை.

பிறகு பழசை மூடினார்கள். அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போவதாகப் பேச்சு. அக்கம்பக்கத்து ஜனங்கள் ஊர்வலம் போனார்கள், கத்திப் பார்த்தார்கள், தொண்டை கட்டியதுதான் மிச்சம். ரன்வேயில் மஞ்சள் பெயின்டால் பெரிய பெரிய பெருக்கல் குறிகள் போட்டு, குறுக்கே கான்கிரீட் கட்டைகளை இறக்கி, வாசல் கேட்டைச் சங்கிலியால் பூட்டினார்கள். விமான நிலைய இயக்குநர் ஹாரனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, இனிமேல் அந்தப் பக்கம் போய் நிற்கக்கூடாது என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை.

காரணம் அடுத்த மழைக்காலத்தில் வந்தது. அவளுடைய அப்பா பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸையும் பிள்ளைகளையும் ஒரே கண்டிப்போடு நடத்தியவர். மூத்த மகள் தனக்குப் பிடித்தவனோடு பழசிலிருந்து விமானம் ஏறிப் போன நாளில், நான் இருக்கிறவரைக்கும் அவள் இந்த ஊரில் கால் வைக்கக் கூடாது என்று சொன்னார். அதற்கப்புறம் அவள் பேரை வீட்டில் எடுத்ததில்லை. இப்போது பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், பழசின் ரன்வேயைப் பார்த்த ஜன்னலோரம் படுத்திருந்தார். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். ஹாரன் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

“புதுசுக்குத்தான் டிக்கெட் கிடைச்சுது. அங்கேர்ந்து எவ்வளவு நேரமாகும்?” என்று அக்கா கேட்டாள். மழையில் பாலம் ஒன்று உள்வாங்கிப் போய், புதுசிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு வர அரை நாள் ஆகிக்கொண்டிருந்தது. அந்த அரை நாளுக்கு டாக்டர் உத்தரவாதம் தரவில்லை.

“நீ ஏறி உக்காருக்கா. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“அப்பா என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டா?”

“அதை நீயே வந்து கேட்டுக்கோ.”

மறுநாள் மத்தியானம் பழசின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, ஹாரன் இறங்கிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே கட்டைகள் கிடப்பது அவளுக்குத் தெரியும். மேலே அக்காவோடு எத்தனை குடும்பங்கள் வருகின்றன என்றும் தெரியும். ஆனாலும் சங்கிலியிலிருந்து கையை எடுக்கவில்லை. காவலாளி போன் செய்ய, இயக்குநர் குடைகூட இல்லாமல் ஓடிவந்தார்.

“ஏம்மா, உள்ள கட்டை கிடக்குது, தெரியுமில்ல? வந்து மோதினா யாரு பொறுப்பு? புதுசுக்குப் போயிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“எங்க அக்கா கிளம்பியாச்சு சார். நான் இங்கதான் நிப்பேன்.”

“நீங்க நகந்தா எல்லாம் சரியாயிடும்.”

“கட்டை நகந்தாலும் சரியாயிடும் சார்.”

போலீஸ் வண்டி வந்தது. அதற்குள் ஸ்டாண்டிலிருந்து மற்ற ஓட்டுநர்கள் வந்து தங்கள் கார்களைத் தெருவை அடைத்துக் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்திவிட்டு, சாவிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றார்கள். எடுக்கச் சொன்னால், ஸ்டார்ட் ஆகலைங்க என்றார்கள், அத்தனை பேரும் ஒரே மாதிரி. அந்த நேரம் பார்த்து இயக்குநரின் போன் அடித்தது. புதுசுக்குப் போக வேண்டிய விமானம் திரும்பிவிட்டது என்று கோபுரத்திலிருந்து சொன்னார்கள். அவர் ஹாரனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காவலாளியிடம், “சாவியை எடு. கட்டை இறக்கின அந்தக் கிரேன்காரன் எங்கப்பா?” என்றார். கிரேன் ஒருபக்கம் தூக்க, ஓட்டுநர்கள் கயிறு கட்டி இன்னொரு பக்கம் இழுத்தார்கள். போலீஸ்காரர்களும் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தோள் கொடுத்தார்கள். கடைசிக் கட்டை புல்லுக்குள் சரியும்போது, ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே விமானம் தெரிந்தது. பெருக்கல் குறிகளை ஒவ்வொன்றாகக் கடந்து வந்து நின்றது.

இறங்கியவர்கள் முதலில் சத்தம் போட்டார்கள். பிறகு ஒருவர் தன் வீட்டு மொட்டை மாடி அங்கிருந்தே தெரிவதைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் சத்தம் குறைந்தது. கடைசியாக வந்த அக்காவுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. தங்கை அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பேச்சுக்கே இடம் கொடுக்காமல், பின்சுவர் இடிந்திருந்த சந்து வழியாக நேரே ஆஸ்பத்திரிக்குள் கூட்டிப்போனாள்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வந்தவர்களைப் பார்க்க வெகுநேரம் திரும்பவில்லை. பெரியவள் நகரவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கால் வைக்காதே என்று சொன்ன ஊரில் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள்.

“எதுல வந்தே?” என்றார் அப்பா, ஜன்னலைப் பார்த்தபடி.

“பழசுலப்பா.”

“அதை மூடிட்டாங்களே.”

“மூடிட்டாங்கதான்.”

அவர் யோசித்தார். “புதுசுல வந்திருந்தா லேட்டாயிருக்கும்” என்றார். பிறகு, “உக்காரு.”

அப்பா மழைக்காலம் முடியும்வரை உயிரோடு இருந்தார். சண்டை போட ஆள் கிடைத்த தெம்பில் பெரியவளோடு தினமும் சண்டை போட்டார். இட்லி வேகவில்லை என்று ஆரம்பித்து அவள் கல்யாணம்வரை போய்விட்டுத் திரும்புவார். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை.

கட்டைகளைத் திரும்ப வைக்க மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, வைத்தார்கள். அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்மணிக்காக ஹாரன் மறுபடி கேட்டில் போய் நின்றாள், எடுத்தார்கள். இப்படி வைத்தும் எடுத்தும் சலித்துப்போன கிரேன்காரர், ஒருநாள் கட்டைகளை லாரியில் ஏற்றித் தன் வீட்டு வெள்ளத் தடுப்புக்குக் கொண்டுபோய்விட்டார். யாரும் கேட்கவில்லை. மற்ற ஓட்டுநர்களும் கேட்டில் நின்று பார்த்தார்கள். அவர்களுக்கும் விமானம் வந்தது. அதுவரை யாரும் முயன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். அடுக்குமாடிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். நிலையத்தைத் திறந்ததாக இன்றுவரை ஓர் அறிவிப்பும் கிடையாது. டிக்கெட் கவுன்டரில் இருப்பவர்கள், “கடலோரமா, புதுசா, மூடினதா?” என்று தலைநிமிராமல் கேட்கிறார்கள். பெரும்பாலான ஜனங்கள் மூடினதையே கேட்டு வாங்குகிறார்கள்.