தங்கரத்தினம் லேபிள் உரித்த போத்தல்கள்

1.

முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் குடியிருப்பாளர் சங்கத்துச் செயலாளர் ராதாகிருஷ்ணன் போன வாரம் வந்தார்.

“ரீசைக்கிள் பத்தி ரெண்டு பக்கம் போதும் சார். தைப்பூசத்தன்னைக்கு பத்துமலையில நோட்டீஸா குடுக்கப் போறோம். ஜாலியா எழுதுங்க லா, பயமுறுத்தாதீங்க.”

சரி என்றேன். அன்றைக்கு எனக்குப் பயம் எதுவும் இல்லை.

2.

முதல் தொடக்கம்: “பத்திரிகை, தகரம், கண்ணாடி எல்லாம் மறுபிறவி எடுக்கும் அதிசயம்…” [பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டி. விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: “தங்கரத்தினம் ஒரு போத்தலைக்கூட வீணாக்க மாட்டாள், ஆகவே அவள்…” [‘ஆகவே’க்குப் பிறகு கை ஓடவில்லை. திருத்தி எழுத நேரமில்லை, அச்சகம் மூன்று மணிக்கு மூடிவிடும். இப்படியே போகட்டும்.]

3.

தங்கரத்தினத்துக்கு ஐம்பத்தாறு வயது. சங்கம் வீட்டுக்கு வீடு தாள் கொடுத்துக் குப்பையைப் பிரித்து வைக்கச் சொன்னபோது, அந்தத் தெருவில் அதை மனப்பாடம் செய்தவள் அவள் ஒருத்திதான். சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் போத்தல்களையும் சேர்த்து நாற்பதைப் பெரிய பேசினில் ஊறப் போட்டாள். லேபிள் உரித்துப் பளிச்சென்று கொடுப்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

மூடிகளை மட்டும் திறக்கவில்லை. திறந்த போத்தலில் தண்ணீர் தேங்கும், கொசு முட்டையிடும், டெங்கிச் சோதனைக்கு வருகிறவர்கள் சம்மன் எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பயம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. மூடி இறுக்கி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஊறப் போட்டாள்.

பத்து மணிக்குப் பழைய பேப்பர் லோரியோடு கிள்ளானிலிருந்து சின்னையா வந்தான். “அக்கா வீட்டுப் போத்தல்னா கண்ண மூடிட்டு எடுக்கலாம் லா” என்று சிரித்துக்கொண்டே ஏற்றிப் போனான்.

4.

இப்போது அவள் கணவனைக் கொண்டுவர வேண்டும். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் சிவசம்பு என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பாத்திரத்தை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நல்லவனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

சாயங்காலம் அவன் கொல்லைப்புறம் போனான்.

“இஞ்சேரும், தண்ணித் தாங்கிக்குக் கீழ வச்ச பச்சைப் போத்தல் எங்க?”

“எல்லாத்தையும் சின்னையாட்டக் குடுத்திட்டன். ஏன்?”

“அதுக்குள்ள புல்லு மருந்தெல்லோ இருந்தது!”

கிள்ளான் தோட்டத்து நண்பன் கொடுத்த களைக்கொல்லி. கையில் கிடைத்த சிராப் (சர்பத்) போத்தலில் ஊற்றி, ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்திருந்தான். அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம். எல்லாச் சிராப் போத்தலையும் போலக் கரும்பச்சைக் கண்ணாடி என்பதால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது.

தங்கரத்தினம் பேசினைப் போய்ப் பார்த்தாள். விளிம்பில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. அவன் கையெழுத்து: “குடிக்கக் கூ”. மிச்சம் கரைந்து போயிருந்தது. காலையில் மூடியைத்தான் பார்த்தாள், தாளைப் படிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

5.

மறுநாள் இருவரும் கிள்ளானுக்கு ஓடினார்கள். சின்னையாவின் முகம் வெளுத்துவிட்டது. “சிராப் போத்தல் மட்டும் அமீனா பீவி அக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரோஸ் சிராப் போடுறவங்க.”

அமீனா பீவி, பாவம், மூன்று தடவை சத்தியம் செய்தாள். “ரெண்டு மூணுல தண்ணி கெடந்துச்சுக்கா, கொட்டிட்டு சுடுதண்ணியில கழுவித்தான் ஊத்தினேன். ஆனா எதுலன்னு ஞாபகம் இல்லையே.” வீட்டில் நான்கு இருந்தன. அவளே சாக்கடையில் கவிழ்த்தாள். சிவப்பாக ஓடியதைத் தங்கரத்தினம் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். மீதிப் பன்னிரண்டு போத்தல்கள் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சனாவுல்லா கடைக்குப் போயிருந்தன. அங்கே பதினொன்று கிடைத்தன.

“ஒண்ணு வித்துப் போச்சு” என்றார் சனாவுல்லா. “பத்துமலையில தண்ணிப் பந்தல் போடுறேன்னு ஒருத்தர் வாங்கினாரு. பேரு கேக்கலையேம்மா.”

போலீஸில் எழுதிக்கொண்டார்கள். பந்தல் எத்தனை இருக்கும் தெரியுமா என்று கேட்டார்கள்.

6.

முடிவு (அ): கடைசிப் போத்தல் சுத்தமானது. எல்லோரும் சிரிக்கிறார்கள், தொடர்ந்து குப்பையைப் பிரிக்கிறார்கள். [ராதாகிருஷ்ணனுக்குப் பிடித்த முடிவு. நடந்திருக்கலாம். நன்றாகக் கழுவப்பட்டும் இருக்கலாம்.]

முடிவு (ஆ): வெயிலில் படியேறி இறங்கிய ஒரு பெண், தாகத்தோடு கை நீட்டி [இதை எழுத மாட்டேன்.]

7.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. நீங்கள் இதைப் படிப்பது பத்துமலையில். கையில் சிவப்புத் தண்ணீர் இருந்தால் குடிக்காதீர்கள். பந்தலில் ஊற்றுகிறவரிடம் போத்தலைக் காட்டச் சொல்லுங்கள். கரும்பச்சை, லேபிள் இல்லாதது. அது அங்கே இருந்தால் எல்லோரையும் நிறுத்துங்கள்.

போத்தலைக் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். கொடுங்கள். ஆனால் மூடியைத் திறந்து கழுவிக் கொடுங்கள். விஷம் இருந்ததைச் சேர்க்காதீர்கள். குடிக்கிற போத்தலில் விஷத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

தைப்பூசத்தன்று விடியற்காலையிலிருந்து தங்கரத்தினம் பந்தல் பந்தலாகப் போவாள். நீலச் சேலை, வெள்ளி ஃபிரேம் மூக்குக்கண்ணாடி. யாரோ ஒரு பெண் உங்கள் கையிலிருந்து குவளையைப் பிடுங்கினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். சிவசம்பு என்று யாரும் இல்லை. அவள் என் மனைவி.