ரப்பர் அழித்த தொண்ணூறு சென்டிமீட்டர்

1.

"உங்க கடல் வேற, எங்க கடல் வேறயா மாமா?"

"வேறதான் மாப்ளே. நீங்க உங்க துறைமுகத்துக் கடல் மட்டத்துல இருந்து உயரம் அளக்கறீங்க, நாங்க எங்க துறைமுகத்துல இருந்து. முப்பது வருசமா தாள் மூலையில எழுதித்தானே குடுத்தேன். கண்ணு என்ன முதுகுலயா இருந்துச்சு?"

"அக்காவைக் கட்டினவராச்சேன்னு பாக்குறேன்."

இந்தக் கதை இந்தச் சண்டையில் பிறந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்து ஒட்டுக்கேட்டேன். முதலில் பேசியவர் எங்கள் நில அளவை அலுவலகத்தின் படவரைவாளர். பட்டப்பெயர் ரப்பர், தாளில் ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மற்றவர் அவருடைய அக்கா கணவர். ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த நாட்டு அலுவலகத்தில் இதே வேலை.

2.

இரண்டு நாட்டுப் படங்களும் ஆற்றோடு நின்றுவிடும். வெள்ளம் நிற்காது. அதனால் அந்தக் காலத்தில் சனிக்கிழமைதோறும் இருவரும் பாலத்தின் நடுவில் சந்தித்துத் தாள்களை மாற்றிக்கொள்வார்கள். ரப்பர் திரும்பும்போது சைக்கிள் கேரியரில் சுருட்டிய தாளும், கைப்பிடியில் அக்கா கொடுத்தனுப்பிய தூக்குப் பாத்திரமும் இருக்கும். எங்கள் எல்லோருக்கும் ஒரு வாய் கிடைக்கும்.

(இங்கே சாயங்கால வெயிலில் பாலம் ஒரு... வேண்டாம். பாலம் பாலமாகவே இருக்கட்டும்.)

ஒவ்வொரு தாளின் மூலையிலும் மாமா பென்சிலால் எழுதியிருப்பார்: 'உயரத்தில் தொண்ணூறு சென்டிமீட்டர் கழிக்கவும்.'

3.

இப்போது இரு நாடுகளும் படங்களை முறைப்படி பகிர்ந்துகொள்கின்றன. பழைய தாள்களை ஸ்கேன் செய்து ஒரே வெள்ள அபாயப் படமாக இணைத்தோம். அதற்கு முன் ரப்பர் ஒவ்வொரு தாளையும் அழித்துச் சுத்தமாக்கினார். பென்சில் குறிப்பும் போயிற்று. படத்தில் அக்கரை தொண்ணூறு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. அக்கா வீட்டுத் தெரு பச்சை. ஆபத்தில்லையாம், மழைக்காலத்தில் மீட்புப் படகு அங்கே போகாது.

"முழங்கால் தண்ணி வந்த தெரு மாப்ளே. உன் அக்காவை நீதானே தூக்கிட்டு வந்தே?"

"மறப்பேனா மாமா? மாசக் கடைசியில ரிட்டயர் ஆகப்போறேன். இப்பப் போய் என் தப்புன்னு..."

படம் செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. நிறுத்த வேண்டுமானால், காரணமானவர் பெயரோடு எங்கள் அலுவலகம் கடிதம் கொடுக்க வேண்டும்.

4.

முதல் முடிவு: ரப்பர் கையெழுத்துப் போடுகிறார். முப்பது வருடப் பேர் கெடுகிறது.

இரண்டாவது: அக்காவை மட்டும் வீடு மாற்றிவிட்டு, தெருவை அப்படியே... (அடித்துவிட்டேன். ரப்பர் அப்படிப்பட்டவர் இல்லை.)

மூன்றாம் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன். ரப்பர் தானாக அழிக்கவில்லை. மூலையில் இருக்கும் எழுத்து வேண்டுமா என்று ஸ்கேன் செய்தவரிடம் கேட்டார். "கிறுக்கல்தானே, அழிச்சிடுங்கண்ணே" என்று சொன்னது நான்தான். அத்தனை சண்டையிலும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கடிதம் என் முன்னால் இருக்கிறது. காரணமானவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். பென்சிலில். அதன் மேல் பேனாவை ஓட்டச் சொல்வீர்களா? திங்கட்கிழமைக்குள் பதில் எழுதுங்கள்.